நான்காவது விசில்

இரவு எட்டரை மணி. சமையலறைத் தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வெங்காயம் நறுக்குகிறாள். அடுப்பில் குக்கர். கூடத்தில் போன் அடிக்கிறது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய் எடுக்கிறாள். மறுமுனையில் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. "ம்", "எப்போ?", "சரி". அவள் பேசுவது இந்த மூன்று சொல்தான். வந்தது சாவுச் செய்தி. திரையில் மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடம்.

குறும்படங்களில் இது பெரும்பாலும் எப்படி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். போன் கையிலிருந்து நழுவும். டைட் க்ளோசப்பில் கண்ணீர். பின்னால் வயலின். அறை முழுக்க நீலம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. ஆனால் நாலும் ஒரே நேரத்தில் ஒரே சேதியைச் சொல்கின்றன. பார்க்கிறவருக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை.

அதே காட்சியைச் சத்தத்தை மட்டும் முன்னால் விட்டு, வெளிச்சத்தையும் கேமராவையும் அடக்கி வைத்துக் கட்டிப் பார்க்கலாம். ஏன் சத்தம்? அடுப்பில் குக்கர் இருக்கிறதே.

மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் விசில் வரும்போது அவள் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்; வாய்க்குள் "ஒண்ணு" என்கிறாள். கணக்கு தொடங்கிவிட்டது, அதைப் பார்ப்பவர் கையிலும் கொடுத்தாயிற்று. போனை எடுக்கும்போது இரண்டாவது. கேட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது. இப்போது அவள் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நான்காவது விசில் வருகிறது. பார்ப்பவரின் கை அடுப்பை அணைக்கப் பரபரக்கும் அந்த இடத்தில்தான் செய்தி அவருக்கு உறைக்கிறது.

இந்த வேலைக்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் உணவக காட்சி. எதிரில் இருப்பவனைச் சுடுவதற்காகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து நாயகன் மைக்கேல் மறுபடி மேஜையில் உட்காருகிறான். அவனோ பேசிக்கொண்டே போகிறான். எங்கோ ரயில் கிறீச்சிடும் சத்தம் ஏறுகிறது. படத்தில் ரயிலே தெரியாது. ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச் போட்ட அந்தச் சத்தம், மைக்கேலின் தலைக்குள் ஓடுவதை வெளியே கொண்டுவருகிறது. இசை அந்த நேரத்தில் இல்லை. சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் வருகிறது. காட்சி நடக்கும் இடத்தில் இயல்பாக இருக்கக்கூடிய ஒரு சத்தத்தை இசையின் இடத்தில் உட்காரவைப்பது, அவ்வளவுதான் சூத்திரம். ரயில் ஓடும் ஊரில் ரயில், நம் சமையலறையில் குக்கர்.

இனி செய்முறை. முதல் எச்சரிக்கை: ஷாட் எடுக்கும்போது குக்கரை நிஜமாக விசிலடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு டேக்கிலும் விசில் ஒவ்வொரு இடத்தில் வரும். ஒரு டேக்கில் "எப்போ?" என்ற சொல்லின் மேலேயே விழும். எடிட்டிங்கில் இரண்டு ஷாட்டை ஒட்டினால் பாதி விசில் காணாமல் போகும். ஒவ்வொரு டேக்குக்கும் குக்கரில் குளிர்ந்த தண்ணீர் மாற்றி, வெயிட்டை மாட்டி, சிம்மில் எரியவிடுங்கள். பிரஷர் ஏறி விசில் வருவதற்குள் டேக் முடிந்துவிடும். காலிக் குக்கரைத் தீயில் வைக்கவே கூடாது.

விசிலைத் தனியாக, கேமரா ஓடாமல் சத்தத்தை மட்டும் எடுக்கும் வைல்ட் ட்ராக்காகப் பதிவுசெய்யுங்கள். அதே சமையலறையில், அதே குக்கரில். மைக்கை ஒரு அடியில் வைத்தால் சத்தம் கிழிந்துவிடும். நாலு அடி தள்ளி, ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டிபியை (டெசிபல்) தாண்டாத மாதிரி கெயினை, அதாவது பதிவு அளவை, குறைத்து வையுங்கள். பத்து விசிலாவது எடுங்கள். விசில் மட்டும் போதாது; அதற்கு முன்னால் ஆவி புஸ்ஸென்று ஏறுவதும், பின்னால் இறங்குவதும் வேண்டும். பிறகு மைக்கைக் கூடத்துக்குக் கொண்டுபோய், போன் இருக்கும் இடத்தில் வைத்து இன்னொரு பத்து. கிட்டத்து விசிலை ஈக்வலைசரில் வெட்டித் தூரத்து விசிலாக்க முயன்றால் அரைகுறையாகத்தான் வரும். தூரம் என்பது சத்தம் குறைவது மட்டுமில்லை. நடுவில் இருக்கும் சுவரும் கதவும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

வசனத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவுசெய்யும் ஸ்பாட் ஒலிப்பதிவு என்றால் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்தவுடன் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள். சாவி தேடும்போது ஃபிரிட்ஜை மறுபடி போட ஞாபகம் வரும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். பிறகு மிக்சிங்கில் விசிறிச் சத்தம் சேர்க்கும்போது ஒரு சங்கடம்: சத்தம் இருக்கும், சுவரில் நாள்காட்டித் தாள் அசையாது. நாள்காட்டியைக் கழற்றிவிடுவது சுலபம்.

நீளக் கம்பியில் பிடிக்கும் பூம் மைக் தலைக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடியில். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டிபி அளவில். புடவைக்குள் லேபல் மைக் வைப்பதானால் கஞ்சி போட்ட பருத்தி வேண்டாம். மூச்சு விட்டாலே மொரமொரக்கும். கடைசியில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். எல்லோரும் பசியோடு நிற்கும் நேரம் அது, கெஞ்சியாவது எடுத்துவிடுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைக்க வேறு பொருள் இல்லை.

மறுமுனைக் குரலைப் பார்ப்பவர் கேட்கப்போவதில்லை. ஆனாலும் நடிகைக்கு யாராவது நிஜமாகப் பேச வேண்டும். ஒருவரைத் தெருவில் நிறுத்தி, முழு வசனத்தையும் போனில் சொல்லச் சொல்லுங்கள். போன் சத்தம் குறைவாக இருக்கட்டும், மைக்கில் ஏறக்கூடாது. வெறும் போனைக் காதில் வைத்து நடித்தால் இடைவெளிகள் எல்லாம் ஒரே நீளமாக வரும். கேட்கிறவர்களின் "ம்" அப்படி வராது.

டப்பிங் என்றால் வேறு சிக்கல். நம்மூர் டப்பிங்கில் மைக் வாயிலிருந்து ஒரு அடியில் நிற்கும். லாங் ஷாட்டில் கூடத்தின் கோடியில் நிற்பவள் குரல் நம் காதுக்குள் வந்து பேசும். எதிரொலி சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். கிணற்றுக்குள் பேசுவது போல ஆகும். ஷாட் தூரமானால் மைக்கையும் நாலைந்து அடி தள்ளிவையுங்கள். இன்னொன்று மூச்சு. சுத்தமாக இருக்க வேண்டும் என்று டப்பிங்கில் மூச்சுகளை வெட்டி எறிந்துவிடுவார்கள். "எப்போ?" என்பதற்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சில்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஸ்பாட்டில் எடுத்த பைலட் ட்ராக்கில் அந்த மூச்சு நன்றாக வந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். வசனம் டப்பிங்கிலிருந்தும் மூச்சு ஸ்பாட்டிலிருந்தும் வந்தால் என்ன, இரண்டுக்கும் அடியில் அந்த ஒரு நிமிட அறைச் சத்தம் ஓடினால் ஒட்டு தெரியாது.

வெளிச்சத்துக்கு வருவோம். சமையலறையில் ஒரு மஞ்சள் பல்பு, கூடத்தில் விளக்கு போடவில்லை. போன் மேஜை சமையலறை வாசலை ஒட்டி. அவளுக்குக் கிடைப்பது கதவு வழியாக வழியும் வெளிச்சமும், ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கும் மட்டும். அவள் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நடந்து போகிறாள். யாரும் விளக்கை மாற்றவில்லை.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பல்பு சுமார் 2,700 கெல்வின். இப்போதைய எல்இடி தெருவிளக்கு வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே 5,600 கெல்வின் விளக்கு ஒன்றை வைத்தால் அந்தத் தோற்றம் வந்துவிடும். கேமராவை 4,000 கெல்வினில் வைத்தால் உள்ளே லேசான மஞ்சள், வெளியே லேசான நீலம். 3,200இல் வைத்தால் ஜன்னல் மேடை நாடக நிலவாகிவிடும். விளக்கின் முன்னால் மாட்டும் நீல ஜெல் தாள் தேவையே இல்லை.

வெளிச்சம் தூரத்தோடு எவ்வளவு வேகமாகச் சாகும் என்பதை மனதில் வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). விளக்கிலிருந்து நாலு அடியில் அவள் நின்று, பின்சுவர் எட்டு அடியில் இருந்தால் சுவர் தானாகவே இருட்டில் போய்விடும். கணக்கு இப்படி. நிஜத்தில் சுவர் இருளாது. பத்துக்குப் பத்து அறை, வெள்ளைச் சுண்ணாம்பு. நான்கு சுவரும் விளக்காக மாறித் திருப்பி அடிக்கும். குறும்படங்களில் இரவு இரவாக இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் இந்த வெள்ளைச் சுவர்தான். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டு கறுப்புப் போர்வை, இன்னொரு விளக்கை வாடகைக்கு எடுப்பதைவிட அதிகம் உதவும்.

முகத்துக்கு மென்மையான வெளிச்சம் தர, விளக்கை அடித்துத் திருப்பும் தெர்மோகோல் பலகை பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பவிடுவதில் இந்தியாவுக்கு ஒரு பெருமையான கதை உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை மழைக்குப் பயந்து ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். திறந்த வானத்தின் வெளிச்சம் உள்ளே வராதே என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா தலைக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்தார். நம் நாலடித் தெர்மோகோல் செய்வதும் அதுதான். மென்மை என்பது பரப்பின் அளவையும் அது நிற்கும் தூரத்தையும் பொறுத்தது. நாலடிப் பலகை முகத்திலிருந்து நாலடியில் மென்மையாக விழும். அதையே பன்னிரண்டு அடிக்குத் தள்ளினால் நிழல் ஓரம் கூர்மையாகிவிடும்.

முகத்தின் பிரகாசமான பக்கத்துக்கும் இருண்ட பக்கத்துக்கும் இந்தக் காட்சியில் மூன்று ஸ்டாப் வித்தியாசம், எட்டுக்கு ஒன்று, போதும். கூட்டினால் திகில் படம். கண்ணை என்ன செய்வது? 'காட்ஃபாதர்' ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து வெளிச்சத்தை இறக்கி மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் புதைத்தார். அந்த யோசனையைக் கொஞ்சம் திருப்பிப் பயன்படுத்தலாம். வாசல் நிலைக்கு மேலே, ஃபிரேமுக்கு வெளியே ஒரு சின்ன விளக்கு. அவள் குனிந்து கேட்கும்வரை கண் நிழலில். "சரி" என்று நிமிரும்போதுதான் கண்ணில் வெளிச்சம் விழும். நடிகையின் சொந்த அசைவே அதைச் செய்துவிடுகிறது.

மாநிறமும் கறுப்புமான நம் முகங்களுக்கு வெளிச்சத்தைக் கொட்டி, பவுடர் அப்பி வெளுக்கவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கறுத்த தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தரும். பெரிய மென்மையான பரப்பை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் அந்தப் பளபளப்பு வரும். முகத்தின் வடிவம் அதில் தெரிந்துவிடும். பவுடர் அதைத்தான் கொல்கிறது. துளி எண்ணெய் போதும்.

இருட்டுக் காட்சியில் ஃபிரேமுக்குள் எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி வேண்டும். இல்லையென்றால் கண் அதை இருட்டாக எடுத்துக்கொள்ளாது, 'சரியாக எடுக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். இங்கே அந்தப் புள்ளி குக்கருக்கு அடியில் எரியும் நீலத் தீ. கதைக்கும் அதுவே வேண்டும். படப்பிடிப்பின்போது ஒரு ஸ்டாப் கூடுதலாகவே எடுத்து, கலர் கரெக்‌ஷனில் இறக்குங்கள். இருட்டாக எடுத்து ஏற்றினால் நிழலில் எறும்பு ஊருவது போலப் புள்ளிகள் நெளியும்.

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை சிமிட்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/48 நொடி வைத்தால் சுவரில் மெல்லிய அலை ஓடலாம். 1/50 வையுங்கள், ஷட்டரைக் கோணத்தில் காட்டும் கேமராவில் 172.8 டிகிரி. கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது, எடிட்டிங் மேஜையில்தான் தெரியும்.

ஷாட்டுகள் ஐந்து போதும். முதலாவது, அவள் நறுக்குவது. தரையில் உட்கார்ந்திருப்பவளை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் மேலிருந்து கீழே பார்ப்பதாகிவிடும். கேமராவை இரண்டரை அடிக்கு இறக்குங்கள். தரையில் உட்காரும் ஜப்பானிய வீடுகளில் யசுஜிரோ ஓசு இப்படித்தான், பெரும்பாலும் 50 எம்எம் லென்சோடு, கேமராவைத் தாழ வைத்தார். வெங்காயத்தால் அவள் கண் ஏற்கெனவே கலங்கியிருக்கிறது; முழங்கையால் துடைக்கிறாள். இதனால் கண்ணீர் அடையாளமாக இருக்கும் தகுதியைக் காட்சி முழுவதற்கும் இழந்துவிடுகிறது. பிறகு அவளை அழவைக்கும் சபலம் யாருக்கும் வராது.

இரண்டாவதுதான் முதுகெலும்பு. கேமரா சமையலறையில், குக்கருக்குப் பக்கத்தில். முன்னால் ஒரு ஓரத்தில் பெரிதாக, மங்கலாகக் குக்கர். நடுவில் கதவு நிலை. அதற்குள் சின்னதாக அவள், முதுகைக் காட்டி. 35 எம்எம், ட்ரைபாட், அசைவே இல்லை, ஐம்பது விநாடி. நாம் குக்கரோடு நிற்கிறோம், அதனால் விசில் பெரிதாகக் கேட்பது நியாயம். அவள் குரல் தூரத்தில் கேட்பதும் நியாயம். கேமரா நிற்கும் இடமும் காது நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் பாதி மிக்சிங் முடிந்த மாதிரி.

மூன்றாவது அவள் பிடரியும் காதும் போனும், பக்கவாட்டில். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரைக் காட்டும் 'சஜஷன்' ஷாட் மாதிரியே, ஆனால் எதிரில் ஆள் இல்லை. மூன்றாவது விசில் இங்கே. நான்காவது ஷாட் குக்கர் மட்டும், நான்காவது விசில். இதில் மட்டும் நிஜ விசிலை எடுக்க வேண்டும், வெயிட் எகிறுவது தெரிய வேண்டுமே. ஆவி தெரிய வேண்டுமானால் பின்பக்கம் இருட்டாகவும், வெளிச்சம் பின்னால் ஒரு ஓரத்திலிருந்தும் வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் ஆவி காணாமல் போகும்.

ஐந்தாவது முகம். லென்ஸ் எண்ணைவிட கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே முகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. 24 எம்எம்மோடு இரண்டு அடியில் போய் நின்றால் மூக்கு முன்னால் வரும், நாம் அவள் மூச்சுக்குள் இருப்போம். 85 எம்எம்மோடு தள்ளி நின்றால் வேடிக்கை பார்க்கிறோம். சாவுச் செய்தி கேட்டவளை நான் கிட்டப்போய் முறைக்கமாட்டேன். ஐந்து அடியில் 85. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு எஃப் 1.8, அதாவது லென்ஸின் துளையை அகலத் திறந்து வைப்பது. ஃபுல்ஃபிரேம் கேமராவில், ஐந்து அடியில், ஃபோகஸ் ஆழம் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. அவள் நிமிரும் அந்த ஒரு கணத்தில் கண் மங்கி, காது கூர்மையாக இருக்கும். எஃப் 4 வைத்தால் மூன்று அங்குலம் கிடைக்கும். அதற்கு இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் வெளிச்சம் வேண்டும். விளக்குக் கணக்கைப் போடும்போதே இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

அந்த முகம் எதுவும் செய்யக்கூடாது. லெவ் குலேஷோவ் நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் செய்துகாட்டியதுதான்: அசையாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம். இங்கே முகத்துக்கு முன்னால் அணைக்கப்படாத குக்கர். நடிகையிடம் 'சோகமாக' என்று சொல்லாதீர்கள். "அடுத்து யாருக்குச் சொல்லணும்னு யோசிங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

கேமராவைக் குலுங்காமல் மிதக்கவைக்கும் கிம்பல் வேண்டாமா என்றால், வேண்டாம். மிதக்கும் கேமரா யாருடைய பார்வையும் இல்லை. சாவு வீட்டில் அது பேய் மாதிரி தெரியும்.

எடிட்டிங்கில் மூன்றாவது விசிலின் ஆவிச் சத்தத்தை, ஷாட் மாறும் வெட்டுக்கு 12 ஃபிரேம் முன்னாலேயே, இரண்டாவது ஷாட்டின் வாலில், தொடங்குங்கள். அரை நொடிதான். படம் மாறும்போது சத்தம் ஏற்கெனவே அங்கே இருப்பதால் வெட்டு உறுத்தாது. நான்காவதுக்கு மட்டும் ஆவியை நீட்டுங்கள். விசில் வந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நொடி.

இசை? இந்தக் காட்சிக்கு வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால், காட்சியின் மேடுபள்ளத்தோடு ஏறி இறங்காத இசையாக இருக்கட்டும். பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தில் இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசையை எடுத்துப் பயன்படுத்தினார். காட்சிக்காகப் பிறக்காத இசை காட்சியைப் பிடித்து உலுக்காது.

நான்காவது விசிலுக்குப் பிறகு நிசப்தம் வேண்டும் என்று சத்தத்தை முழுப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று திரும்பிப் பார்ப்பார்கள். அறைச் சத்தமும் விசிறியும் ஓடட்டும். அதுதான் நிசப்தமாகக் கேட்கும். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடித்துவிடவும் வேண்டாம். பார்ப்பவர் கையில் இருப்பது போன். அதன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் தராது. நீங்கள் பதற்றத்துக்காக அடியில் போட்ட 60 ஹெர்ட்ஸ் உறுமல் அங்கே இருக்கவே இருக்காது. விசிலோ அந்த ஸ்பீக்கரில் பிய்த்துக்கொண்டு வரும். போனில் ஒரு தடவை கேட்டு, விசிலை இரண்டு மூன்று டிபி இறக்கி, "எப்போ?"வை அதே அளவு ஏற்றுங்கள்.

கடைசியில் அடுப்பை யாரோ அணைக்க வேண்டும். மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். அணைப்பவரின் முகம் வேண்டாம், ஐந்தாவது ஷாட்டில் அவள் முகத்தின் மேலேயே அடுப்பின் குமிழ் திரும்பும் 'டக்' மட்டும் கேட்டால் போதும். அணைத்தவுடன் ஆவி நின்றுவிடாது, சில நொடி இறங்கிக்கொண்டே போகும். அந்த வாலை எடிட்டிங்கில் வெட்டிவிடாமல், அடுத்த காட்சியின் முதல் ஷாட் மேலும் ஓடவிடுங்கள்.